ஆளில்லாத வீட்டு இணைப்பு

வைஃபை பெட்டியை வாசற்கதவுக்குப் பக்கத்தில்தான் மாட்ட வேண்டும் என்பது இணைப்புத் தரும் நிறுவனத்தின் விதி. கதவைத் திறந்ததும் வருகிறவர் கண்ணில் முதலில் படவேண்டியது பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் நிறுவனத்தின் சின்னம். வீட்டுக்காரர் முகம் அதற்கு அடுத்தது. வீட்டின் எந்த மூலையில் உட்கார்ந்து யார் இணையத்தைப் பயன்படுத்துவார்கள் என்பதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. அடுத்தவர் வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் நிறுவனத்துக்குக் கிடையாது.

மைக்காரர் வீட்டிலும் அப்படித்தான் மாட்டினார்கள். மைக்காரர் என்பது பேருந்து நிலையத்தில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட பெயர். எந்த வண்டி எந்த மேடையிலிருந்து புறப்படும், எது தாமதம், யாருடைய குழந்தை அலுவலகத்தில் அழுதுகொண்டிருக்கிறது என்றெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. ஊரே அவர் குரலைக் கேட்டுத்தான் ஓடியது, நின்றது, மூட்டையைத் தூக்கியது. முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு குரலைக் கேட்கவும் ஆளில்லாமல் போயிற்று. ஆனாலும் போன் அடித்தால் எடுப்பதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்வார். பழைய வழக்கம்.

ஊரெல்லாம் கேட்ட அந்தக் குரலை ஒருநாளும் கேட்காதவர் அவருடைய அண்ணன். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அண்ணனுக்குக் காது போய்விட்டது. அண்ணனும் தம்பியும் தாங்களாகவே ஒரு கைப்பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். மீசையை முறுக்கினால் அப்பா. மூக்கைச் சுருக்கித் தாடையை ஆட்டினால் கணக்கு வாத்தியார். எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தராத மொழி அது. உலகத்தில் அதை முழுசாகப் பேசுகிறவர்கள் அந்த இரண்டு பேர்தான். அதில் ஒருவர் இப்போது வெகுதூரத்து ஊரில் மகன் வீட்டில் இருக்கிறார். இடுப்பில் கம்பி வைத்திருக்கும் மைக்காரரால் அவ்வளவு தூரம் உட்கார்ந்து போக முடியாது. அண்ணனாலும் வர முடியாது. பார்வை மங்கிக்கொண்டே வருகிறது.

அதனால்தான் அண்ணன் மகன் ஒரு லேப்டாப்பை வாங்கி அனுப்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனும் தம்பியும் திரையில் பார்த்துக் கைகளால் பேசிக்கொள்வார்கள். விளக்கு வெளிச்சம் என்றால் அண்ணன் கண்ணுக்கு எல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். பகல் வெளிச்சத்தில்தான் தம்பியின் விரல்கள் பிரிந்து தெரியும். மைக்காரர் வீட்டில் பகல் வெளிச்சம் வருகிற ஒரே இடம் பின் அறை ஜன்னல். அதற்கும் வாசற்கதவுக்கும் நடுவில் இரண்டு சுவர்களும் மனைவியின் இரும்பு பீரோவும் இருந்தன. வைஃபை அவ்வளவையும் தாண்டி வரும்போது மூச்சு வாங்கியது. அண்ணன் சிரிக்க ஆரம்பிப்பார். வாய் திறந்தபடி படம் நின்றுவிடும். கையைத் தூக்குவார், கை அந்தரத்தில் நிற்கும். பாதிச் சொல்லோடு அண்ணனை வைத்துக்கொண்டு மைக்காரர் உட்கார்ந்திருப்பார்.

இதற்கும் பழகிப்போயிருப்பார். ஆனால் அடுத்த மாத முதல் திங்கட்கிழமை அண்ணனுக்குக் கண்ணில் ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. பார்வை மிஞ்சினாலும் மிஞ்சும், போனாலும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே இருட்டு என்றால் பயம். இருட்டில் கை தெரியாது. கை தெரியாவிட்டால் பேச்சே இல்லை. ராத்திரி விளக்கை அணைத்ததும் அண்ணன் தடவிக்கொண்டு வந்து தம்பியின் நெஞ்சில் உள்ளங்கையை வைப்பார். இருக்கிறாயா என்று அர்த்தம். தம்பி அந்தக் கையின்மேல் இரண்டு தட்டு தட்டுவான். இருக்கிறேன். அதற்குப் பிறகுதான் தூக்கம். திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது படம் நிற்காமல், அண்ணன் கண்ணுக்கு நேராக, அந்த இரண்டு தட்டைத் தட்டிக் காட்டிவிட வேண்டும். மைக்காரருக்கு வேண்டியது அவ்வளவுதான். நிறுவனத்துக்குப் போன் செய்தார்.

"வணக்கம் சார். மகிழ்ச்சிப் பிரிவுக்குக் கூப்பிட்டதுக்கு நன்றி. உங்க பகிர்வு என்னன்னு சொல்லுங்க," என்றாள் ஒரு பெண்.

"பகிர்வு இல்லம்மா, புகார்."

"அந்த வார்த்தை எங்ககிட்ட இல்ல சார். எடுத்துட்டாங்க."

"சரி, பகிர்ந்துக்கறேன். பின் ரூம்ல படம் நின்னு நின்னு போகுது."

"லேப்டாப்பை அணைச்சுத் திரும்பப் போடுங்க சார்."

போட்டார். பெட்டியையும் அணைத்துப் போடச் சொன்னாள், போட்டார். மெயின் சுவிட்சை அணைத்துப் போடச் சொன்னாள். அதையும் செய்துவிட்டு, இனிமேல் அணைத்துப் போடுவதற்கு வீட்டில் தான் மட்டும்தான் பாக்கி என்றார். அவள் சிரிக்கவில்லை. பயிற்சியில் அது இல்லை போலிருக்கிறது.

"பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து பாருங்க சார்."

"அங்க நல்லா வருது. ஆனா வெளிச்சம் இல்லம்மா."

"இன்டர்நெட்டுக்கு வெளிச்சம் தேவையில்ல சார்."

"எங்க அண்ணனுக்குத் தேவை. என் கை தெரியணும்."

அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "கை என்கிற பிரிவு இல்ல சார். 'வேகம்'னு போட்டுக்கறேன். ஆள் அனுப்பறோம். உங்க நாள் மகிழ்ச்சியா அமையட்டும்."

ஆள் வந்தார். மெக்கானிக் என்று எழுதிய சட்டை போட்டிருந்தார். வாசலைத் தாண்டாமலே தன் போனைப் பெட்டிக்கு அருகில் பிடித்து, "சிக்னல் கோடு எல்லாம் முழுசா இருக்கு, பாருங்க," என்றார்.

"பின் ரூமுக்கு வந்து பாருங்க தம்பி."

"கதவுலேருந்து ஒரு கை நீளம்தான் சார் எங்க எல்லை. அதைத் தாண்டி உள்ள போனா அது உங்க சொந்த வாழ்க்கை."

"அப்ப பெட்டியையாவது உள்ள மாத்திக் குடுங்களேன்."

"சீல் வச்சிருக்கு. நான் தொட்டா என் வேலை போயிடும், நீங்க தொட்டா உங்க இணைப்பு போயிடும். வாங்க, போட்டோ எடுக்கணும். சிரிங்க."

"எதுக்குச் சிரிக்கணும்? இன்னும் சரியாகலையே."

"நீங்க சிரிச்சாதான் சரியானதா கணக்கு. பல்லைப் பார்த்தாதான் செயலி வேலை முடிஞ்சதா எடுத்துக்கும்."

அந்த மனிதருக்கு இன்னும் பல வீடுகள் பாக்கி இருப்பது முகத்தில் தெரிந்தது. மைக்காரருக்கு இரக்கமாகிவிட்டது. உள்ளே போய்ப் பல் செட்டை மாட்டிக்கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சிரித்தார். மெக்கானிக் தெருமுனையைத் தாண்டுவதற்குள் செய்தி வந்துவிட்டது: உங்கள் பகிர்வு மகிழ்ச்சியுடன் நிறைவடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அண்ணன் ஏதோ கேட்டார், பாதியில் நின்றது. மைக்காரர் மறுபடி போன் செய்தார், மறுபடி ஆள் வந்தார், மறுபடி பல் செட்டை மாட்டிக்கொண்டார். நடுநடுவே மகிழ்ச்சிப் பிரிவிலிருந்து அந்தப் பெண்ணே கூப்பிட்டு, "சந்தோஷமா இருக்கீங்களா சார்?" என்று கேட்பாள். அவரிடம் அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்டு வெகுகாலமாகிவிட்டது. அதனால் நிதானமாக யோசித்துப் பதில் சொல்லப் பார்ப்பார். "ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க சார்," என்பாள் அவள்.

கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்கே போனார். மேலாளர் எழுந்து நின்று கைகொடுத்தார். சுவரில் சிரிக்கும் வாடிக்கையாளர்களின் படங்கள் நிறைய இருந்தன. அதில் தன் படமும் இருந்ததை மைக்காரர் பார்த்தார்.

"பெட்டி இடம் மாறணும்னா நீங்க வீடு மாறணும் சார். வேற வழியே கிடையாது," என்றார் மேலாளர்.

"வீடு மாற எனக்கு என்ன அவசியம்? ஒரு ரூம்லேருந்து இன்னொரு ரூமுக்குத்தானே?"

மேலாளர் நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்க வயசுக்காகச் சொல்றேன். இந்த வீட்டைக் காலி பண்றதா சொல்லுங்க. அப்புறம் இதே வீட்டுக்குப் புதுசா குடிவர்றதா சொல்லுங்க. புதுசா வர்றவர் எது வாசல்னு அவரே சொல்லலாம். பின் ரூம் ஜன்னலைத்தான் வாசல்னு சொல்லிடுங்க. பெட்டி தானா அங்க வந்துடும்."

"ஜன்னல் வழியாவா நான் போய் வருவேன்?"

"அது உங்க சொந்த வாழ்க்கை சார். ஒண்ணே ஒண்ணு. வீடு காலியா இருக்கான்னு எங்க ஆள் வந்து சரிபார்ப்பார். அப்ப நீங்க வீட்ல இருக்கக்கூடாது."

மைக்காரருக்கு இதில் தவறாக எதுவும் தெரியவில்லை. தன் வீட்டிலிருந்து கொஞ்ச நேரம் இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதானே. வெள்ளிக்கிழமை சரிபார்ப்பு, சனிக்கிழமை புது இணைப்பு. ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்த்துவிடலாம், திங்கட்கிழமை ஆபரேஷன். அண்ணன் மகனுக்குப் போன் செய்து, இந்த வாரம் படம் நிற்காது என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கதவைப் பூட்டிக்கொண்டு எதிரில் இருக்கும் பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தார். சரிபார்ப்பு அலுவலர் வந்தார். கதவைத் தட்டினார், மணியை அடித்தார், ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தார். பிறகு துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டார்.

"இந்த வீட்ல யாராவது இருக்காங்களாம்மா?"

"யாரோ ஒரு அம்மா இருந்தாங்க. அவங்க தவறிப்போனப்புறம் யாரும் இல்லையே."

மாடி வீட்டுக்காரர் பைக்கை எடுக்க இறங்கி வந்தார். அவரையும் கேட்டார்.

"நாங்க குடிவந்ததுலேருந்து பூட்டித்தான் கிடக்கு. அதனாலதான் என் பைக்கை அந்த வாசல்ல நிறுத்தறேன்."

அந்த பைக்கை ஒவ்வொரு நாள் காலையிலும் ஓரமாக நகர்த்திவிட்டுத்தான் மைக்காரர் வெளியே வருவார். மாடி வீட்டுக்காரரைப் பார்த்தால் தலையசைப்பார். அவரும் பதிலுக்குத் தலையசைத்திருக்கிறார் என்றுதான் மைக்காரர் இதுவரை நினைத்திருந்தார். தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து எல்லாமே தெளிவாகக் கேட்டது. அவர் காதுகளில் எந்தக் குறையும் இல்லை.

அலுவலர் தெருவைக் கடந்து நிறுத்தத்துக்கே வந்தார்.

"பெரியவரே, நீங்க இங்க அடிக்கடி உக்காருவீங்களா? அந்த எதிர் வீட்ல யாராவது இருக்காங்களா?"

மைக்காரர் அண்ணனை நினைத்தார். ஞாயிற்றுக்கிழமையை நினைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தும் பிசகாமல் சொன்னார்: "இல்லைங்க. அந்த வீட்டில் யாரும் இல்லை."

அலுவலர் குறித்துக்கொண்டார். போகும்போது திரும்பிப் பார்த்து, "உங்க குரலை எங்கேயோ கேட்டிருக்கேன்," என்றார்.

சரிபார்ப்பு வெற்றிகரமாக முடிந்தது. அன்று சாயங்காலமே இணைப்பைத் துண்டித்தார்கள். இவ்வளவு சுறுசுறுப்பாக நிறுவனம் வேறு எந்த வேலையையும் செய்ததாகத் தெரியவில்லை. சனிக்கிழமை புது இணைப்பு வரவில்லை. மைக்காரர் மகிழ்ச்சிப் பிரிவைக் கூப்பிட்டார்.

"உங்க முகவரியில யாரும் இல்லன்னு வருது சார்," என்றாள் அதே பெண்.

"நான்தாம்மா பேசறேன். உனக்கு என் குரல் தெரியுமே."

"தெரியுது சார்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா யாரும் இல்லன்னுதான் வருது."

மேலாளரைப் பிடித்தார். அவர் வருத்தப்பட்டார். "மூணு சாட்சி சார். முதல் ரெண்டு பேராவது இழுத்துப் பேசியிருக்காங்க. மூணாவது ஆள் ரொம்ப உறுதியா சொல்லியிருக்கார். அதை மீறி நான் என்ன பண்றது? அக்கம்பக்கத்துல ரெண்டு பேரை நீங்க இருக்கறதா சொல்லச் சொல்லுங்க."

பக்கத்து வீட்டு அம்மா கதவைப் பாதி திறந்தபடி கேட்டுக்கொண்டார். "நேத்துதானே இல்லன்னு சொன்னேன். இன்னிக்கு இருக்கீங்கன்னு சொன்னா என் பேச்சுக்கு என்ன மரியாதை?" என்றார். மாடி வீட்டுக்காரர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியானால் பைக்கை இனிமேல் எங்கே நிறுத்துவது என்று விசாரித்தார்.

மைக்காரர் வீட்டுக்கு வந்து விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். போட்டால் யாராவது பார்த்து, ஆளில்லாத வீட்டில் விளக்கு எரிகிறதே என்று சந்தேகப்படலாம் என்று தோன்றியது. அப்புறம் சந்தேகப்படுகிற அளவுக்குக்கூட யாரும் பார்ப்பதில்லை என்பது ஞாபகம் வந்தது. அழுகை வந்தது. அழுதார்.

அப்போது போனில் ஒரு பதிவுக் குரல் வந்தது. நாளை ஞாயிற்றுக்கிழமை காலை தலைமை அலுவலகத்தில் வாடிக்கையாளர் நன்றி விழா, அனைவரும் வருக, அரங்கில் அதிவேக வைஃபை இலவசம் என்றது. ஆளில்லாத முகவரிக்கும் விழா அழைப்பு மட்டும் தவறாமல் வந்தது.

ஊரின் மறுகோடியில் இருந்த தலைமை அலுவலகம் முழுக்கக் கண்ணாடி. கிழக்குப் பக்கச் சுவரே ஒரு பெரிய ஜன்னல் போலிருந்தது. காலை வெயில் உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. மைக்காரர் அந்தச் சுவரோரம் ஒரு நாற்காலியைப் பிடித்து, மடியில் லேப்டாப்பைத் திறந்தார். சிக்னல் கோடு எல்லாம் முழுசாக இருந்தது. அண்ணன் வந்தார். முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது.

மேடையில் நிர்வாக இயக்குநர் பேச எழுந்தார்.

"போன வருஷம் நமக்கு ஒரு புகார்கூட வரல! ஏன்னா அந்த வார்த்தையையே நாம ஒழிச்சுட்டோம்!"

கைதட்டல். அண்ணன் திரையில் கையை நெற்றிமேல் வைத்து உற்றுப் பார்த்தார். எங்கே இருக்கிறாய், யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்.

மைக்காரர் மூக்கைச் சுருக்கித் தாடையை ஆட்டி மேடையைக் காட்டினார். கணக்கு வாத்தியார் மாதிரி ஒருத்தர். அண்ணன் சிரித்தார். வாயைத் திறந்து, தோள் குலுங்கி, கண்ணைத் துடைத்து, மூச்சு வாங்கி, ஒரு முழுச் சிரிப்பை முடித்தார். அது முடிவதை மைக்காரர் வெகுநாளைக்குப் பிறகு பார்த்தார்.

"ஒரு ரகசியம் சொல்றேன்," என்றார் இயக்குநர். "எங்க ஆய்வுல ஒரு உண்மை தெரிஞ்சுது. ஆளில்லாத வீடுகள்ல நம்ம சேவை நூத்துக்கு நூறு திருப்தி! ஒரு பகிர்வுகூட கிடையாது! இந்தத் தரத்தை ஆள் இருக்கிற வீடுகளுக்கும் கொண்டுவர்றதுதான் எங்க கனவு. அதுக்கான வேலையை ஆரம்பிச்சுட்டோம்!"

அண்ணனின் கை மெதுவாகியது. நாளைக்கு என்றார். கண்களைக் காட்டி, இரண்டு கைகளாலும் முகத்தை மூடினார். இருட்டு. பிறகு உள்ளங்கையை நீட்டித் திரையில் தம்பியின் நெஞ்சு இருக்கிற இடத்தில் வைத்தார்.

மைக்காரர் வலது கையைத் தன் நெஞ்சில் வைத்தார். இடது கையால் அதன்மேல் தட்டினார். ஒன்று. இரண்டு. அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். படம் நிற்கவில்லை. இன்னொரு தடவை தட்டச் சொன்னார், தட்டினார். கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. பக்கத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்தது. விழாப் புகைப்படக்காரர் கட்டைவிரலைக் காட்டிவிட்டு நகர்ந்தார்.

மறு வாரம் மைக்காரர் வீட்டுக்கு எதிரே, அதே பேருந்து நிறுத்தத்தில், ஒரு பெரிய விளம்பரம் வந்தது. நெஞ்சில் கை வைத்து, கண்ணீரோடு அவர் இருந்தார். கீழே பெரிய எழுத்தில், 'எங்கள் நெஞ்சைத் தொட்ட சேவை!' என்று போட்டிருந்தது. மேலே கொண்டுபோன இடது கை பாதியிலேயே நின்றிருந்தது. மாடி வீட்டுக்காரர் அதற்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற மைக்காரரிடம், "இவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு," என்றார்.

வீட்டில் இணையம் இல்லை. அண்ணன் மகன் போனில் கூப்பிட்டான்.

"கட்டு இன்னும் பிரிக்கல சித்தப்பா. ஒண்ணும் சொல்ல முடியாதுன்றாங்க. அப்பா தூங்கவே மாட்டேங்கறாரு. தடவித் தடவி என் நெஞ்சுல கையை வைக்கறாரு. அப்புறம் தலையை ஆட்டிக்கிட்டு எடுத்துடறாரு. என்ன வேணும்னே புரியல."

மைக்காரருக்கு உடனே புரிந்தது. "இருக்கேனான்னு கேக்கறார்," என்றார்.

"நான் என்ன பண்ணட்டும்?"

"அடுத்த தடவை வைக்கும்போது அந்தக் கைமேல ரெண்டு தட்டு தட்டு. மெதுவா."

போனை வைக்காமல் காத்திருந்தார். மருத்துவமனையின் ஏதோ சத்தங்கள் கேட்டன. வெகுநேரம் கழித்து அவன் தணிந்த குரலில், "தட்டினேன் சித்தப்பா. கையை எடுக்கல. தூங்கறாரு," என்றான்.

மைக்காரர் போனை மடியில் வைத்துக்கொண்டு பின் அறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அது உடனே மறுபடி அடித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார். நிறுவனத்தின் பதிவுக் குரல்.

"வணக்கம். உங்கள் முகவரியில் யாரும் இல்லை என்று அறிகிறோம். இது தவறு என்றால், ஒலிக்குப் பிறகு தெளிவாகச் சொல்லவும்."

கூ என்றது. மைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊரையே நிறுத்திய அந்தப் பழைய குரலில், நிதானமாக, இரண்டு தடவை அறிவித்தார்.

"இந்த வீட்டில் ஆள் இருக்கிறார். இந்த வீட்டில் ஆள் இருக்கிறார்."

"நன்றி," என்றது குரல். "இந்த முகவரியிலிருந்து பதில் எதுவும் வரவில்லை."